ஆமாம், அப்புறம்

கீழே வெள்ளைக் கார் வந்து நின்றாகிவிட்டது. இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து அதன் கூரை மட்டும்தான் தெரிகிறது. அதற்குள் என் மகள் இருக்கிறாள், அவந்திகா, இரண்டரை வயது, ஐந்து மாதமாக நான் தொடாத குழந்தை. பக்கத்தில் மச்சான் இருப்பார், எதிர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருப்பார், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாரா, ஏசி ஓடுகிறதா, ஓடாவிட்டால் உள்ளே மூச்சு, சரி போதும், ஜன்னலை விட்டு வா தாமோதரா. முதல் தடவை பார்த்தது அப்பன், இரண்டாம் தடவை பார்ப்பது நோயாளி, அப்படித்தான் பிரமிளா சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிரமிளா எங்கள் மனநல ஆலோசகர். டாக்டரம்மா என்று கூப்பிடுகிறோம், டாக்டர் இல்லை, நாங்களாகக் கொடுத்த பட்டம். கல்லூரியில் நாடகம் போட்டவராம், அந்த ஆசை விடவில்லை, எங்களை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார். மணி பதினொன்று. தரைத்தளத்தில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற கடை, அந்த வார்னிஷ் வாசனை படியேறி வந்து எங்களோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொள்ளும். மொத்தம் ஐந்து பைத்தியங்கள். பைத்தியம் என்ற சொல்லை டாக்டரம்மா தடை செய்திருக்கிறார், அதனால் மனதுக்குள் தாராளமாகப் புழங்குகிறேன். எட்டு சனிக்கிழமை என்று சொன்னார்கள், இன்று எட்டாவது. இன்று வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம். என் மனைவி சுகுணா பார்க்க வருகிறாள். பார்த்து, திருப்தியாக இருந்தால், குழந்தையோடு அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடுவதாகப் போனில் சொன்னாள். திருப்தியாக இருந்தால். ஜவுளிக் கடையில் சேலையை விரித்துப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள், எனக்குக் கோபம் வந்தது, வந்த கோபத்தைப் பார்த்துப் பயம் வந்தது, கோபம் வருகிறவன்தானே செய்வான் என்று உள்ளே ஒருவன் உடனே ஆஜர்.

அவன் முதன்முதலில் வந்தது குழந்தை பிறந்த நாற்பதாம் நாள். மூன்றாம் மாடி வீடு, பால்கனியில் ஈரத்துணி, தோளில் குழந்தை, பால் வாசனை, கழுத்தில் வெதுவெதுவென்று மூச்சு. சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. அப்போது உள்ளே ஒருவன் சொன்னான், போட்டுவிடேன். கோபமாகச் சொல்லவில்லை. கதவைச் சாத்தினாயா என்று கேட்கிற குரலில் சொன்னான். எல்லா அப்பன் ஆத்தாளுக்கும் எப்போதாவது இப்படி ஒன்று வரும், சீ என்று உதறிவிட்டுப் போய்விடுவார்கள் என்கிறார் டாக்டரம்மா. நான் உதறவில்லை. நான் தொழில்படி ஆராய்ந்தேன். கிரைண்டர் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினாலு வருஷம், ஒரு கல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிடுவேன், ஒரு புகார்கூட வராத வருஷம் என்று எனக்குக் கேடயம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்காக என்னை இங்கே ஜமுக்காளத்தில் உட்கார வைத்திருக்கிறார்களோ அதற்காகத்தான் அங்கே கைதட்டினார்கள். அந்தக் கண்ணால் என்னை நானே தட்டிப் பார்த்தேன். வந்தது என்றால் உள்ளே இருக்கிறது, உள்ளே இருப்பது ஒருநாள் வெளியே வரும், வராது என்பதற்கு என்ன அத்தாட்சி, அத்தாட்சி இல்லாத கல்லை நான் பாஸ் பண்ணுவேனா. குழந்தையைக் கொண்டுபோய் சுகுணா கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கேட்டேன், நான் ஒண்ணும் பண்ணலயே. என்னத்தப் பண்ணுனீங்க, ஒண்ணும் பண்ணலீங்க என்று சிரித்தாள். அடுத்த நாள் நாலு தடவை கேட்டேன். அடுத்த மாதம் நாற்பது தடவை. பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன், சாவியை அவளிடமே கொடுத்தேன், கொடுத்தேனா என்று கேட்டேன். பாவம், புருஷன் பிள்ளைமேல் உயிராக இருக்கிறான் என்று நினைத்திருக்கிறாள், தன் தங்கைகளிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷம் ஒண்ணும் பண்ணலீங்க, ஒண்ணும் பண்ணலீங்க என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் தேய்ந்தது. ஒருநாள் எதற்கு இப்படிக் கேக்கறீங்க என்றாள். நான் மடையன் மாதிரி உண்மையைச் சொன்னேன். அன்று ராத்திரி அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் படுத்தாள், எனக்கும் குழந்தைக்கும் நடுவில் அவள் முதுகு இருந்தது. மறுநாள் மச்சான் காரோடு வந்தார், அவள் பிறந்த வீட்டுக்கு, கோபிசெட்டிபாளையம் போய்விட்டார்கள். என்னிடம் மச்சான் மரியாதை குறையாமல்தான் பேசினார். மாப்ள, ஒடம்பப் பாத்துக்குங்க என்றார், மனசைச் சொல்லவில்லை.

விளையாட்டு இதுதான். இரண்டு பேர் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் மற்றவருடைய பயத்தை, நடந்து முடிந்த விஷயமாக எடுத்து விட வேண்டும். மற்றவர் இல்லை என்று சொல்லக்கூடாது. ஆமாம் என்று ஏற்றுக்கொண்டு, அப்புறம் என்று கூட ஒன்றைச் சேர்க்க வேண்டும். எழுதிவைத்துப் பேசக்கூடாது, யோசித்துப் பேசக்கூடாது, வாய்க்கு வந்தது. வாய்க்கு வந்ததைப் பேசுகிற சுகம் எங்களில் எவனுக்கும் கிடையாது, எங்கள் வாய்க்கு வருவதெல்லாம் மூன்று செக்போஸ்ட் தாண்டித்தான் வரும். நாடகம் முடிந்ததும் யாரும் யாரையும் தேற்றக்கூடாது. ஒண்ணும் ஆகாது என்கிற வார்த்தைக்கு இந்த ஹாலில் இடம் கிடையாது, அந்த வார்த்தைதான் எங்கள் சாராயம். நிஜமாவே அப்படி ஆயிடுமா என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றே ஒன்று, ஆகலாம், ஆகாமலும் போகலாம், தெரியாது. தெரியாது என்கிற இடத்தில் உட்கார்ந்து பழகுங்க, கொஞ்ச நேரத்துல அது சும்மா ஒரு இடம்தான்னு தெரியும் என்பார் டாக்டரம்மா. முதல் சனிக்கிழமை எனக்கு வாந்தி வந்தது. இரண்டாவது சனிக்கிழமை ஆமாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே மனதுக்குள் இல்லை இல்லை இல்லை என்று மூன்று முறை சொன்னேன், டாக்டரம்மா என் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், திருட்டுப் பயலைப் பிடித்த மாதிரி மறுபடியும் என்றார். ஐந்தாவது வாரத்தில்தான் ஒன்று நடந்தது. ஆமாம், போட்டுட்டேன், அப்புறம், என்று ஆரம்பித்து எனக்கே தெரியாத ஒன்று வாயிலிருந்து வந்து விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். உள்ளே இருப்பவன் வாயடைத்துப் போனான். அவனுடைய சொத்தே அந்த ஒரு வாக்கியம்தான், அதை ஐந்து பேர் முன்னால் சில்லறைக்கு விற்றால் அவன் என்ன செய்வான்.

வினோதினி எழுந்து நிற்கிறாள், அவள் முறை. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், கை இரண்டும் கழுவிக் கழுவிச் சிவந்து விரல் இடுக்கில் தோல் வெடித்திருக்கிறது, தன் கைக் கிருமியால் தங்கச்சி செத்துவிடுவாள் என்பது அவள் பயம். அவளுக்கு எதிர் ஆள் நான். ஏன் எப்போதும் என்னையே கேட்கிறாள் என்றால் நான் நன்றாகக் குத்துவேன். மற்றவர்கள் பயந்து பயந்து சொல்வார்கள், தங்கச்சிக்குக் காய்ச்சல் போல என்று. நான் நேராகப் போவேன். தங்கச்சியை ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், உன் பேரைச் சொல்லி அழுகிறாள், என்கிறேன். அவள் கண் நிறைகிறது, ஆமாம், கை கழுவாமல் தோசை ஊட்டினேன், அப்புறம் சட்னியும் ஊட்டினேன் என்கிறாள். உங்கள் அம்மா உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்கிறாள் என்கிறேன். ஆமாம், அப்புறம் அம்மாவுக்கும் ரெண்டு தோசை வச்சேன் என்கிறாள், சிரிக்கிறாள், மூக்கு ஒழுகுகிறது, துடைத்துக்கொண்டு கையைப் பார்க்கிறாள், கழுவப் போகவில்லை. கைதட்டல். எனக்கு இதில் ஒரு ருசி இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. எந்த இடத்தில் தொட்டால் துடிக்கும் என்று தெரிந்து அந்த இடத்தில் கை வைக்கிற ருசி. இது மருந்து என்று தெரியும், அந்தப் பெண் போன மாதம் ஹாஸ்டலில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாளாம், அதற்கு நானும் ஒரு காரணம். ஆனாலும் அந்த ருசி, பார், உனக்கு இது பிடிக்கிறது, இப்படிப்பட்டவன் கையில் குழந்தையா, என்கிறான் உள்ளே. ஆமாம், பிடிக்கிறது, அப்புறம்? கதவு திறக்கிறது, சுகுணா.

மெலிந்திருக்கிறாள். பச்சைக் காட்டன் சேலை, நான் எடுத்துக் கொடுத்தது அல்ல, தோளில் ஒரு இடத்தில் ஈரம், குழந்தை சப்பியிருக்கும், அந்த ஈரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வணக்கம் என்று எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்கிறாள், பேருந்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் உட்காருவது போல. டாக்டரம்மா அவளிடம் போன வாரம் போனில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் ஆபத்தானவர் இல்லை, இந்த எண்ணத்தைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறவர்தான் அதைச் செய்ய மாட்டாதவர், ஆனால் அவர் கேட்டால் நீங்கள் ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் நோய்க்குச் சோறு போட்டது மாதிரி, என்று. எல்லாம் சரி, எல்லாம் கேட்டுக்கொண்டாளாம், நோட்டில் எழுதிக்கொண்டாளாம். படித்ததை அப்படியே ஒப்பிக்கிறவள் சுகுணா, பத்தாவதில் பள்ளிக்கே முதல். டாக்டரம்மா என்னைக் கூப்பிடுகிறார். எழுந்து நடுவில் போய் நிற்கிறேன். எதிர் ஆளாக வினோதினி எழுந்திருக்கப் போகிறாள், டாக்டரம்மா கையமர்த்துகிறார். சுகுணா, விருப்பம் இருந்தா மட்டும், நீங்களே வர்றீங்களா என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடு சுகுணா. அவள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு வருகிறாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள், கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தாள்.

இரண்டடி தூரத்தில் நிற்கிறாள். ஐந்து மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. என்ன சொல்லணும் என்று டாக்டரம்மாவைப் பார்க்கிறாள், உங்க வீட்டுக்காரர் பயந்ததையே சொல்லுங்க, நடந்து முடிஞ்ச மாதிரி, என்கிறார். சுகுணா தரையைப் பார்க்கிறாள். பிறகு என் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொல்கிறாள், "பாப்பாவக் கீழ போட்டுட்டீங்க." குரல் உடையவில்லை, பாடம் ஒப்பிக்கிற குரல். ஹாலில் ஃபேன் சுற்றுகிற சத்தம், கீழே கடையில் எதையோ தட்டுகிறார்கள். வினோதினி வாயால் நூறு தடவை கேட்ட வாக்கியம்தான், இந்த வாயால் கேட்கும்போது இல்லை என்று கத்த வேண்டும் போல இருக்கிறது, காலில் விழ வேண்டும் போல இருக்கிறது, இல்லை சுகுணா, இல்லை, செத்தாலும் இல்லை. விதி. யோசிக்காதே. ஆமாம், போட்டுட்டேன், என்கிறேன், அப்புறம் உள்ளே வந்து டீ போட்டுக் குடிச்சேன். யாரோ பின்னால் களுக்கென்று சிரிக்கிறார்கள். சுகுணாவின் கண் என் பொத்தானிலிருந்து முகத்துக்கு ஏறுகிறது. நீங்க அழவே இல்லை என்கிறாள். ஆமாம், அழலை, அப்புறம் டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. டம்ளரைக் கவுத்து வச்சேன் என்பதற்குத்தான் சிரிக்கிறார்கள், கழுவுவதும் கவிழ்ப்பதும் எங்களுக்குள் ஒரு தமாஷ், எங்களில் பாதிப் பேர் கழுவுகிறவர்கள். சுகுணாவுக்கு அது எப்படித் தெரியும். செத்த குழந்தையைச் சொல்லி ஐந்து பேர் சிரிக்கிறார்கள் என்றுதான் தெரியும். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை, எடுத்த பாடத்தை முடிக்காமல் உட்கார மாட்டாள். பாசத்துல கேக்கற மாதிரி ரெண்டு வருசமா எங்கிட்டப் பொய் சொன்னீங்க என்கிறாள். இது என் பயத்தில் இல்லை, இது அவளுடையது. ஆமாம், சொன்னேன், என்கிறேன், அப்புறம் நீ நம்புனே. அதுவும் வாய்க்கு வந்ததுதான். அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா கை தட்டி முடிக்கிறார், எல்லோரும் தட்டுகிறார்கள், அருமை தாமோதரன், உதடுகூட அசையலை, உள்ளே ஏதாச்சும் சொல்லிக்கிட்டீங்களா என்கிறார். இல்லை. நிஜமாக இல்லை. அவன் எங்கோ போயிருந்தான். எட்டு வாரத்தில் இதைவிட நன்றாக நான் விளையாடியதில்லை, அந்தப் பெருமை வேறு எனக்கு இருந்தது, வெட்கமில்லாமல் இருந்தது.

டீ வந்திருக்கிறது, பத்து நிமிஷம் இடைவேளை. சுகுணா படிக்கட்டுத் திருப்பத்தில் போய் நிற்கிறாள், நானும் போகிறேன். அங்கிருந்து கார் தெரியாது, ஆனால் ஹாரன் சத்தம் வந்தால் கேட்கும், குழந்தை அழுதால்கூடக் கேட்குமோ, கேட்காது, விடு. என்ன பேசுவது என்று தெரியாமல் சேலை புதுசா என்கிறேன், சித்தி எடுத்துக் கொடுத்தது என்கிறாள். பாப்பா இப்போது வாக்கியமாகப் பேசுகிறாளாம், அப்பா எங்க என்று கேட்கிறாளாம், வேலைக்குப் போயிருக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். சொல்லிக்கொண்டே அழ ஆரம்பிக்கிறாள், சத்தம் இல்லாமல். நான் கை நீட்டி அந்தத் தோள் ஈரத்தைத் தொடுகிறேன், காய்ந்துவிட்டிருக்கிறது. அவள் விலகவில்லை. அவ்வளவுதான், வரப்போகிறாள், இன்று சாயந்தரம் வீட்டில் மூன்று பேர். சுகுணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேலே ஹாலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறாள்.

"ஏனுங்க, டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம ரெண்டு பேத்துக்குள்ள ஒண்ணே ஒண்ணு. பாப்பாவ நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கல்ல?"

கேட்கிறவன் நானாகவே இருப்பேன் என்று நினைத்துத்தான் எல்லா விதியும் போட்டிருந்தார்கள். அவள் கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சத்தியமா மாட்டேன் கண்ணு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், மூன்று வார்த்தை, உலகத்தில் எந்தப் புருஷனும் யோசிக்காமல் சொல்லிவிடுவான், சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடிப்பான். எனக்கும் நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஆனால் அது என்ன வார்த்தை என்று எனக்கு அல்லவா தெரியும். அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து அதை நிரூபிக்க ஆரம்பிப்பேன், இன்றைக்கு ராத்திரியே பால்கனிக் கதவுக்கு முன்னால் நிற்பேன், நாளைக்கு அவளிடம் கேட்பேன், நாளை மறுநாள் நாற்பது தடவை. குழந்தையோடு அவனும் சேர்ந்து வீட்டுக்கு வருவான். இல்லை, இப்போது மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், குடிகாரன் சொல்வதும் இதையேதான். அவள் காத்திருக்கிறாள். இரண்டு வருஷம் நான் கேட்கக் கேட்க அவள் கொடுத்தாளே, ஒரே ஒரு தடவை நான் கொடுத்தால் என்ன. பொய்யா அது, பொய் இல்லை, செய்ய மாட்டேன், எனக்குத் தெரியும், தெரியுமா, தெரியாது, எவனுக்குத் தெரியும். எட்டு சனிக்கிழமை இந்த இடத்தில் உட்காரத்தான் பழகினேன். பழகியவன் வாய் திறக்கிறது.

"தெரியாது சுகுணா. மாட்டேன்னுதான் நெனைக்கறேன். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. உன்னாலயும் முடியாது."

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்தாள், இரண்டு கன்னத்தையும், கழுத்தையும்.

"என்னால முடியுங்க" என்றாள்.

அப்புறம் கைப்பையை எடுத்து வரச் சொன்னாள். போய் எடுத்து வந்து கொடுத்தேன், டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் போகவில்லை, சொன்னதைத் திருத்தவும் இல்லை. உள்ளே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். வினோதினி டீ டம்ளரை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன், சூடாக இருந்தது. கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம், இன்னொரு கதவு, இன்ஜின். உள்ளே இருப்பவன் இப்போதாவது ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன், அவன் வாயே திறக்கவில்லை, அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கார் போக்குவரத்தில் கலந்து சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவந்திகா இனி எனக்கு எட்டாத தூரத்தில் பத்திரமாக இருப்பாள், கோபிசெட்டிபாளையத்தில் மாடியில்லாத தரைவீடு. எனக்கு நிம்மதியாக இருந்தது. அழுகைக்குக் காத்திருந்தேன், வரவில்லை, நிம்மதிதான் வந்தது, அவளை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு விலகும்போதெல்லாம் வருகிற அதே பாழாய்ப்போன நிம்மதி.